மேடத்திடம் நான் மாற்றிச் சொன்னது

மாதேசு,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஆறுகிற வழியைக் காணோம். திங்கட்கிழமை காலையில் நீ கிளம்பிவிடுவாய், அதற்குள் ஆறாது என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். இன்று எனக்கு வார ஓய்வு. நீ உன் சினேகிதனோடு, காலேஜ் பக்கத்தில் எடுத்திருக்கிற ரூமைச் சுத்தம் செய்யப் போயிருக்கிறாய். உன் அம்மா சமையலறையில் உனக்குக் கொடுத்தனுப்பப் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள். உன் மேசையில் கிடந்த கணக்கு நோட்டில்தான் எழுதுகிறேன். அட்டையில் பெயர், செமஸ்டர் எல்லாம் கோடு போட்டு அழகாக எழுதியிருக்கிறாய். உள்ளே இரண்டே பக்கம். மீதியெல்லாம் வெள்ளை. போன வருஷம் இதைப் பார்த்தபோது தூக்கிச் சுவரில் எறிந்தேன். ஓரம் மடங்கியிருப்பது அதனால்தான்.

உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தானே படிக்க வரும், கன்னடத்துலயே எழுதலாமில்லீங்க" என்றாள். அவள் சொல்வது சரிதான். எனக்குக் கன்னடம் எழுத வராமல் இல்லை. எட்டாவது வரை அந்தியூர்ப் பக்கம் என் மாமன் வீட்டில் இருந்து தமிழில் படித்தேன். கர்நாடகத்தில் நம் ஊர் ராமாபுரத்துக்குத் திரும்பி வந்த பிறகு எல்லாமே கன்னடம்தான். இருபத்திரண்டு வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறேன். டெப்போவில் கொடுக்கிற லீவு லெட்டரிலிருந்து மெமோவுக்குப் பதில் வரைக்கும் கன்னடத்தில்தான் எழுதுகிறேன். நீயோ பிறந்ததிலிருந்து மைசூர்ப் பையன். தமிழ் உனக்குக் காது வழியாக வந்தது. படிக்கச் சொன்னால் பஸ் போர்டு படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "வீட்டுல இருந்தா படிக்க முடியலப்பா, காலேஜ் பக்கத்துல ரூம் எடுத்துக்கறேன்" என்று சொன்னாய். நான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன். தனி அறை கொடுத்து, சத்தம் கூடாது என்று உன் அம்மா பார்க்கிற சீரியலையே நிறுத்தி வைத்திருக்கிற வீட்டில் துரைக்குப் படிக்க முடியவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நீ தப்பித்துப் போவது என் வாயிடமிருந்துதான் என்று எனக்கே தெரியும். தெரிந்தால் கோபம் அடங்க வேண்டும் அல்லவா? எனக்கு அது இன்னும் ஏறுகிறது.

யார் மேல் கோபம் என்று வரிசையாகச் சொல்கிறேன், கேள். உன் மேல் முதலில். ஏழு வாரம், தினமும் காலையில் ஏழரைக்கெல்லாம் குளித்து, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, காலேஜ் பக்கமே போகாமல் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்று என்ன பாடம் நடந்தது என்று வேறு சொன்னாயே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அப்புறம் உன் காலேஜ் மேல். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிள்ளைகளின் பெயரோடு மார்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் வேறு போடுகிறார். எந்தப் பிள்ளை கீழே இருக்கிறது என்று எல்லா அப்பன்மாரும் தேடிப் பார்க்கிறோம், நானும்தான் பார்த்தேன். உன் மாமன் மேலும் கோபம். நீ மாத்திரை சாப்பிடுவது தெரிந்ததும், "நல்லாத்தானே திங்கறான், இவனுக்கென்ன நோவு" என்று பந்தியில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டான். இந்த மூன்றையும் கூட்டினாலும் என் மேல் எனக்கிருக்கிற கோபத்துக்குக் கால்வாசி வராது. இந்த நோட்டு அதற்குத்தான்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் வருஷம் தொடங்கியதும் உனக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. பரீட்சை என்றால் கை நடுங்கியது. தூக்கம் இல்லை. உன் அம்மா டாக்டரிடம் போகலாம் என்றாள். நான்தான் பெரிய மனுஷன், எல்லாம் தெரிந்தவன், மாதேஸ்வரன் பெயரை உனக்கு வைத்துவிட்டு முடி கொடுக்காமல் விட்டதால்தான் இப்படி என்று முடிவு கட்டினேன். நானே ஓட்டுகிற மலை வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு போய், இன்டர்னல் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மொட்டை போட்டேன். நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய், "எல்லாரும் பாப்பாங்கப்பா" என்று. சாமி காரியத்தில் என்ன வெட்கம் என்று அதட்டி உட்காரவைத்தேன். நாலு பேர் பார்ப்பதற்கே பயந்து கிடந்த பிள்ளையை, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி செய்து அனுப்பிவைத்தேன். சாமி கேட்கவில்லை மாதேசு. நானாக வேண்டினேன், நானாகப் பலன் எதிர்பார்த்தேன். உன் தலையில் தொப்பி ஏறியது. அந்தத் தொப்பியைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் நீ காலேஜை நிறுத்தியது. எனக்குத் தெரியாது. ஒரு நாள் வழக்கமான ஆள் லீவு போட்டதால், எனக்குப் பதினொரு மணி கொள்ளேகால் வண்டி கொடுத்தார்கள். வண்டியை மைசூர் சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினால், எதிரே சிமெண்டு பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். எந்த பஸ்ஸையும் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கிறாய். நல்ல அப்பன் என்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பான். நான் வண்டியை விட்டு இறங்கி வந்து, ஏறி உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்க, கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நீயே ஒரு நாள் எனக்குத் திருப்பிச் சொன்னாய். அன்று நீ தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டாய். கண்டக்டர் விசில் அடித்தான். நான் ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நரசிபுரம் தாண்டும் வரை மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். உன்னை அந்தப் பெஞ்சில் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது கொள்ளேகாலில் டீயைக் கையில் வாங்கும்போதுதான் தோன்றியது.

நீ அன்று வீடு திரும்பினாய். அதற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் சினேகிதன் விஷயத்தைக் காலேஜில் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறான். அங்கே மாணவர்களிடம் பேசி உதவ ஒரு மேடம் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் உன்னிடம் இரண்டு தடவை பேசிவிட்டு, உன் சம்மதத்தோடு எங்களைக் கூப்பிட்டார். பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து இருக்கிறது, டாக்டரையும் பார்க்க வேண்டும் என்றார். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நீ சொன்னதாகச் சொன்னார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர், மாத்திரை, ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வைப்பது எல்லாம் அதற்கப்புறம் மளமளவென்று நடந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் எதற்கும் சம்மதித்திருக்க மாட்டேன்.

சம்மதித்தேனே தவிர, புத்தி வந்துவிடவில்லை. மேடம் உனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து சத்தங்களைக் கேட்க வேண்டும். முதலில் ஒரே ஒரு சத்தம். பிறகு அதை விட்டு வேறொன்று. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து. நடுவில் மனம் போய் உன்னையே திட்ட ஆரம்பித்தால், திட்டை விரட்டாமல், திட்டோடு சண்டைக்கும் போகாமல், அடுத்த சத்தத்துக்குத் திரும்பி வர வேண்டும். நீ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து, போனில் அவர் குரலைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். நான் துணி காயப்போடுகிற சாக்கில் மேலே வந்தேன். "இஞ்சினீரிங் சேத்துவிட்டது காக்கா கத்தறதக் கேக்கறதுக்காடா" என்றேன். நீ கண்ணைத் திறந்தாய், போனை அணைத்தாய், கீழே போய்விட்டாய். பத்து நாள் மாடிக்கே வரவில்லை. ஒரு வாக்கியத்தில் பத்து நாளைக் கெடுத்திருக்கிறேன் பார், அதிலும் தமாஷ் செய்ததாக நினைத்துக்கொண்டு.

இப்போது நான் எழுதப் பயந்த இடத்துக்கு வருகிறேன். அடுத்த தடவை மேடம் என்னையும் உள்ளே உட்காரவைத்தார். டூட்டிக்குப் போகிற வழியில் காக்கிச் சட்டையோடு வந்திருந்தேன். அவர் உன்னிடம் கன்னடத்தில் கேட்டார்: உன் சினேகிதன் பரீட்சையில் தோற்றுப்போய் உன்னிடம் வந்து அழுதால் என்ன சொல்லுவாய்? நீ யோசிக்கவே இல்லை. "ஹோகலி பிடோ, இன்னொந்து சல நோடோணா" என்றாய். போகட்டும் விடுடா, இன்னொரு தடவை பார்க்கலாம். எவ்வளவு பிரியமாகச் சொன்னாய். உன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்து அவர், நீயே தோற்றுப்போனால் உன்னிடம் என்ன சொல்லிக்கொள்வாய், உள்ளே எப்படி ஓடுகிறதோ அப்படியே சொல், எந்த மொழியில் ஓடுகிறதோ அதிலேயே சொல் என்றார். நீ தமிழில் சொன்னாய். "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு. தண்டச்சோறு. உன்னப் பெத்ததுக்கு வெக்கப்படறேன். நீ எதுக்கும் ஆகமாட்ட." பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. நான் மூச்சு விட்ட இடத்தில்கூட நீ மூச்சு விட்டாய்.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. என் பக்கம் திரும்பி, இவர் என்ன சொன்னார், கொஞ்சம் கன்னடத்தில் சொல்லுங்கள் சார் என்று கேட்டார். என் வசவை நானே இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான், இன்னும் நன்றாகப் படித்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறான் மேடம், அவ்வளவுதான் என்றேன். பொய் சொன்னேன். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள் நாம் இரண்டு பேர்தான். நீ அதைக் கேட்டாய், பொய் என்று தெரிந்துகொண்டாய், என்னைக் காட்டிக் கொடுக்காமல் குனிந்துகொண்டாய். என் மானத்தைக் காப்பாற்றினாய். அவ்வளவு ஜனத்துக்கு நடுவே உன் மானத்தை வாங்கினவனுக்கு நீ செய்தது இது.

அன்று நான் செய்த அடுத்த காரியத்தையும் கேள், இன்னும் கேவலம். ஸ்கூட்டரில் உன்னைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேனே, வழியெல்லாம் எனக்கு உன் மேல்தான் ஆத்திரம். வீட்டு விஷயத்தை வெளி ஆளுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டான் என்று. நாலு நாள் உன்னோடு பேசவில்லை. நீ சாப்பிட வந்தால் நான் எழுந்து போனேன். உன் அம்மாதான் பொறுக்காமல் கேட்டாள். "அவன் சொன்னது பொய்யா? பொய்யில்லைன்னா எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க?" நான் அவளிடமும் கத்தினேன். கத்தும்போதே என் காதில் அந்தக் குரல் விழுந்தது. நீ அந்த அறையில் பேசிக் காட்டிய குரல். வாய் அப்படியே நின்றுவிட்டது. நம் வீட்டில் தமிழ் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். சோறு போட, திட்ட. சாமி என்று கொஞ்சுகிறதெல்லாம் நீ ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உனக்கு யாராவது ஆறுதல் சொன்னார்கள் என்றால் அது ஸ்கூலில், தெருவில், கன்னடத்தில்தான்.

அடுத்த நாள் டூட்டி முடித்து நான் மட்டும் அந்த மேடத்திடம் போனேன். இது உனக்குத் தெரியாது. போய், அன்று நான் மாற்றிச் சொன்னேன், அவன் சொன்னது இது, சொல்லிக் கொடுத்தது நான் என்று ஒவ்வொரு சொல்லாகக் கன்னடத்தில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதுவும் எரிச்சல்தான். பிள்ளைக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் கெட்டுப்போவான் மேடம், தன்னைத் தானே கொஞ்சிக்கொள்கிறவன் எப்படி உருப்படுவான் என்று வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு, திட்டினால் படிப்பு வருமென்றால் உங்கள் பையன் இந்நேரம் ரேங்க் வாங்கியிருக்க வேண்டுமே சார் என்றார். தப்பை மூடி மறைக்கச் சொல்லவில்லை, தப்பு செய்தவனிடம் நல்ல சினேகிதன் எப்படிப் பேசுவானோ அப்படித் தன்னிடம் பேசத்தான் பழக்குகிறேன், அப்படிப் பேசினால்தான் மறுபடி எழுந்து உட்கார முடியும் என்றார். பிறகு என்னிடம், உங்களுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நஞ்சப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

நஞ்சப்பா என்னோடு மலை வண்டியில் வந்த கண்டக்டர். நீ அப்போது இரண்டாவது படித்தாய். மலை இறக்கத்தில், அடிவாரத்துத் தாளபெட்டத்துக்கு மேலே ஒரு வளைவில், எதிரே வந்த சைக்கிள்காரர் என் வண்டியைப் பார்த்துத் தடுமாறி விழுந்தார். வண்டி அவர் மேல் படவில்லை. முட்டியில் காயம், அவ்வளவுதான். எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு போனார். எனக்குத்தான் பயம் போகவில்லை. அதற்கப்புறம் ஐந்தாறு மாதம், அந்த வளைவு வரும் முன்பே உள்ளங்கை வேர்க்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்து நாலாவது வளைவிலேயே தோள் இற்றுப்போகும். நீயெல்லாம் டிரைவரா, உனக்கெல்லாம் எதுக்கு லைசென்ஸ் என்று எனக்குள்ளேயே ஓடும். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. டெப்போவில் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் டயருக்கடியில் வைத்துக்கொண்டேன். நீ ஏழு வாரம் மறைத்தாய் என்று குதிக்கிறேனே, நான் ஐந்தாறு மாதம் மறைத்தவன். மறைக்கிற புத்தி உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

நஞ்சப்பா மட்டும் கண்டுபிடித்துவிட்டான். எதுவும் கேட்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் டிக்கெட்டை முடித்துக்கொண்டு முன்னால் வந்து என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நிதானமா போகலாம் அண்ணா, இன்ஜின் சத்தத்தைப் பார்த்துக்கோங்க, மத்தது தானா வரும் என்பான். நானும் இன்ஜின் சத்தத்தைக் கேட்பேன். மனம் அந்த சைக்கிள்காரர் மேல் போகும். மறுபடி இன்ஜின். மறுபடி போகும். மறுபடி இன்ஜின். பிறகு வளைவில் எதிர் வண்டி ஹாரன் காதில் விழ ஆரம்பித்தது, பிறகு பின்னால் ஜனம் பேசுவது. மெல்ல மெல்ல கை தளர்ந்தது. உன் மேடம் மொட்டை மாடியில் உன்னைச் செய்யச் சொன்னது இதைத்தான் மாதேசு. அதே மருந்து வேறொரு ஆள் கையால் எனக்குக் கிடைத்திருக்கிறது, என்னைக் குணப்படுத்தியிருக்கிறது, அதை உனக்கு ஒருவர் கொடுத்தபோது காக்கா கத்துகிறது என்று கேலி செய்தேன். இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அறைந்துகொள்ளவும் கூடாதாம், மேடம் சொல்லிவிட்டார்.

ஆகவே, நீ மறுபடி காலேஜுக்குப் போகிற திங்கட்கிழமைக்குச் சொல்கிறேன். உன்னைவிடச் சின்னவர்களோடு வகுப்பில் உட்காரப்போகிறாய். யாராவது கேட்பார்கள். உனக்கு வேர்க்கும். அந்தத் தமிழ்க் குரல் வரும். வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், பதினைந்து வருஷமாக நான் ஊற்றியது ஒரு வருஷத்தில் வற்றாது. வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே. ஸ்டியரிங்கை இறுக்காதே. மின்விசிறிச் சத்தம் இருக்கும், வெளியே ஆட்டோ போகும், வாத்தியார் பேசுவார். ஒவ்வொன்றாகக் கேள். மனம் ஓடிப்போகும், கூட்டி வா. நூறு தடவை ஓடினால் நூறு தடவை. ஓடியதற்காக அதைத் திட்டாதே, அந்த வேலையை ஏற்கெனவே ஒரு ஆள் தேவைக்கு மேல் செய்துவிட்டான். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே. உன் மாமன் கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன், அங்கே என் வாய் பயன்படட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் நான் உன்னிடம் கேட்கிறேன். கெஞ்சித்தான் கேட்கிறேன், கோபமாக இருப்பதால் அதட்டுவது போலத் தெரியும். கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற அந்த நினைப்பு திரும்ப வந்தால், பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்காராதே. சொல். ரூமில் இருப்பவனிடம் சொல், மேடத்திடம் சொல், அம்மாவிடம் சொல். என்னிடம் சொல். நான் வண்டியில் இருந்தால் போனை எடுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். டெப்போவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் பையன் டெப்போவுக்குக் கூப்பிட்டால் உடனே கண்டக்டர் போனுக்குச் சொல்லுங்கள் என்று. வண்டியை ஓரங்கட்டுவேன். ஜனம் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அன்று அவ்வளவு பேரைக் காக்க வைத்துவிட்டு உன்னைத் திட்ட எனக்கு நேரம் இருந்ததே, பேச நேரம் இருக்காதா?

இனி, ஏன் தமிழில் எழுதினேன் என்பது. இந்த நோட்டை நான் உன் கையில் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் எழுத்துக் கூட்டி நாலு வரி படித்துவிட்டுப் பையில் போட்டுவிடுவாய். திங்கட்கிழமை நான் லீவு சொல்லியிருக்கிறேன். நீ கிளம்புமுன் அந்தத் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார், நானே இதை உனக்குப் படித்துக் காட்டுகிறேன். உனக்குள் இருப்பது என் குரல்தானே. மேடம் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கன்னடத்தில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல முடியாது, அது தமிழில்தான் திட்டுகிறது. பதிலும் அதே வாயிலிருந்து, அதே தமிழில் வரட்டும். போனில் பதிவு செய்துகொள். மேடம் கொடுத்த பயிற்சிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். வேறு எதையும் கேட்காவிட்டாலும் கடைசி வரியை மட்டும் கேள்.

அந்த வரி, நீ உன் சினேகிதனுக்குச் சொன்னது. நேற்று ட்ரிப் முடிந்து டெப்போவில் காலி வண்டியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை அதுவும் திட்டுகிற மாதிரிதான் வந்தது. வண்டி கழுவுகிற ஆள் என்னைத்தானா சார் என்று எட்டிப் பார்த்தார். இல்லை, என் பையனை என்றேன். ஐந்தாறு தடவைக்கு மேல்தான் கொஞ்சம் பரவாயில்லாமல் வந்தது. திங்கட்கிழமை எப்படி வரும் என்று தெரியவில்லை. அதட்டுகிற மாதிரி கேட்டால் கையைக் காட்டி நிறுத்து, சரியாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

போகட்டும் விடு சாமி. இன்னொருக்கா பாத்துக்கலாம்.